ராக் ரசிகரின் காதும் கடன் வாங்கிய பட்டியலும்

இந்தியப் பல்கலைக்கழக விடுதிகளில் ராக் இசையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் மூன்று வாக்கியங்கள் தவறாமல் வந்துவிடுகின்றன. "எழுபதுகளின் ஆல்பங்களுக்கு இன்று வருபவை ஈடாகா." "அந்த ஆல்பம் ஓவர்ரேட்டட்." "மூன்றாவது ஆல்பத்துக்குப் பிறகு அந்தக் குழு ஒன்றும் செய்யவில்லை." சொல்பவர் பொறியியல் மாணவராக இருக்கலாம், வரலாற்றுத் துறை ஆய்வாளராக இருக்கலாம். ஆல்பத்தின் பெயர் மாறும், வாக்கியம் மாறாது.

இத்தகைய போகிறபோக்கான கருத்துகளைக் கற்றோர் உலகம் இரண்டு விதமாக எதிர்கொள்கிறது. முதல் வகையினர் கோட்பாட்டாளர்கள். பியர் பூர்தியூ 1979இல் 'டிஸ்டிங்ஷன்' நூலை வெளியிட்ட பிறகு, ரசனையை வர்க்கத்தின் அடையாளமாக வாசிப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. ரசிகர் எதை விரும்புகிறார் என்பதைக் கொண்டு அவர் எந்தப் பள்ளியில் படித்தார், தந்தை என்ன வேலை பார்த்தார் என்று கணக்கிடுவதோடு ஆய்வு முடிந்துவிடுகிறது. இரண்டாம் வகையினர் பட்டியல்காரர்கள். ரசிகரின் கருத்தை ஏதேனும் ஒரு 'தலைசிறந்த ஆல்பங்கள்' பட்டியலோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடுவது இவர்கள் வேலை. இருவரும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு: அந்த ரசிகரின் காதில் உண்மையில் என்ன விழுந்தது?

இக்கேள்வியைக் கேட்டால் ரசிகரின் கருத்துகள் இரண்டாகப் பிரியும். ஒரு பகுதி கேட்டு அறிந்தது. மறுபகுதி பிறர் சொல்லைத் திருப்பிச் சொல்வது. முன்னதை ஆய்வாளர்கள் மதிப்பதே இல்லை. பின்னதற்கோ தேவைக்கு மேல் மரியாதை கிடைக்கிறது. இந்தத் தலைகீழ் வழக்கம் இந்திய வளாகங்களில் யார் வாய் திறக்கலாம், யார் கூடாது என்பதையும் சேர்த்துத் தீர்மானிக்கிறது என்பதால் இதை இசைப்பித்தர்களின் சில்லறைச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது.

கேட்டு அறிந்ததற்கு ஒரு சான்று. 2008 செப்டம்பரில் மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெடிக்' வெளிவந்தது. வாங்கியவர்களுள் பலர் சொன்ன முதல் கருத்து, "காது வலிக்கிறது" என்பதுதான். இதைவிடப் போகிறபோக்கான விமரிசனம் இருக்க முடியாது. அதே நாள்களில் 'கிடார் ஹீரோ' என்ற வீடியோ கேமிலும் அதே பாடல்கள் கிடைத்தன. கேமில் ஒலித்த வடிவம் தெளிவாகவும், குறுந்தகட்டில் இருந்த வடிவம் நசுங்கிக் கரகரத்தும் இருப்பதை ரசிகர்கள் கண்டுபிடித்தனர். இரண்டின் ஒலியலை வரைபடங்களையும் அருகருகே வைத்துக் காட்டினர். ஆல்பத்தைச் சீர்படுத்தி மீண்டும் வெளியிடக் கோரி ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டனர். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், பாடல்கள் தம் கைக்கு வரும்போதே ஒலி உச்சவரம்பில் நசுக்கப்பட்டிருந்ததாக ஒரு ரசிகருக்கு எழுதிய பதிலில் குறிப்பிட்டார்.

மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைத்து, முழுப் பாடலையும் ஒரே உரத்தில் நிறுத்தும் போக்கு அதற்கு முந்தைய பத்தாண்டுகளுக்கும் மேலாகவே இசைத் தொழிலில் வளர்ந்துவந்தது. ஒலிப்பியல் படித்த எவருக்கும் இதன் விளைவு எளிதில் விளங்கும். பேச்சில் ஓர் அசையின் அழுத்தம் தெரிவது, அருகிலுள்ள அசைகள் தாழ்ந்திருப்பதால்தான். எல்லா அசைகளையும் ஒரே உரத்தில் கத்தினால் அழுத்தம் என்று ஒன்று இராது. கேட்பவருக்குக் களைப்புதான் மிஞ்சும். "காது வலிக்கிறது" என்ற ரசிகர் கலைச்சொல் எதையும் பயன்படுத்தவில்லை. ஆனால் அவர் சொன்னது அளந்து சரிபார்க்கத்தக்க உண்மை.

அதே குழுவின் 1988ஆம் ஆண்டு ஆல்பமான 'அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' இன்னொரு சான்று. "பேஸ் கிடார் எங்கே போயிற்று?" என்று ரசிகர்கள் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டுவருகின்றனர். 1986இல் ஸ்வீடனில் நடந்த பேருந்து விபத்தில் கிளிஃப் பர்ட்டன் இறந்தபின் அவரிடத்துக்கு வந்தவர் ஜேசன் நியூஸ்டெட். அவர் வாசித்தது அந்த ஆல்பத்தில் ஏறத்தாழக் கேட்பதே இல்லை. கலவைப் பொறியாளர் ஸ்டீவ் தாம்சன், பேஸின் ஒலியளவைக் குறைக்குமாறு டிரம் வாசிப்பவரான லார்ஸ் அல்ரிக் தமக்குச் சொன்னதாகப் பின்னாளில் பேட்டிகளில் கூறினார். 2003இல் வந்த 'செயின்ட் ஆங்கர்' ஆல்பத்தின் ஸ்னேர் டிரம்மைத் "தகர டப்பா" என்று ரசிகர்கள் கேலி செய்தனர். டிரம்மின் அடித்தோலோடு உரசும் கம்பிகளைத் தளர்த்திவிட்டு வாசித்ததால் வந்த ஓசை அது. அந்த ஆல்பத்தின் தலைப்புப் பாடலுக்கு 2004இல் கிராமி விருது கிடைத்தது. விருதை மறந்தவர்கள்கூடத் தகர டப்பாவை மறக்கவில்லை.

இனி, ரசிகர்கள் அடிக்கடி வைக்கும் மற்றொரு புகார்: "பழைய ஆல்பங்களில் வெற்று நிரப்பல் இல்லை, தொண்ணூறுகளுக்குப் பிறகு வந்தவை நீள்கின்றன." கோட்பாட்டாளர் இதைப் பழமை ஏக்கம் என்று தள்ளிவிடுவார். உண்மையில் இது ஊடகத்தைப் பற்றிய கூரிய கவனிப்பு. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஒலித்தரம் கெடாமல் ஏறத்தாழ 22 நிமிட இசைதான் அடங்கும். பிளாக் சபாத்தின் 'பாரனாய்ட்' (1970), லெட் செப்பலினின் நான்காவது ஆல்பம் (1971) இரண்டிலும் எட்டெட்டுப் பாடல்களே உள்ளன. இரண்டும் ஏறத்தாழ 42 நிமிடங்களில் முடிகின்றன. அன்றைய கலைஞர்கள் அனைவரும் தன்னடக்கம் மிக்கவர்கள் என்பது இதன் பொருளன்று. தட்டில் இடமில்லை; ஆகவே வெட்டினர்.

1982இல் குறுந்தகடு வந்தது. 74 நிமிடங்கள் கையில் கிடைத்தன, நிரப்பினர். மெட்டாலிகாவின் 'லோட்' (1996) குறுந்தகட்டின் கொள்ளளவை விளிம்புவரை நிரப்பி 79 நிமிடங்களைத் தொட்டது; கடைசிப் பாடலின் முடிவையே அதற்காகக் குறைக்க வேண்டியதாயிற்று. ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸின் 'ஸ்டேடியம் ஆர்கேடியம்' (2006) இரண்டு தகடுகளில் 28 பாடல்களாக விரிந்தது. எனினும் நீளம் என்பது புதியவர்களின் நோய் மட்டுமில்லை. பீட்டில்ஸ் குழு 1968இல் வெளியிட்ட வெள்ளை அட்டை ஆல்பத்தில் 30 பாடல்கள். "இதை ஒற்றைத் தட்டாகச் சுருக்கினால் எதை வைப்பாய், எதை விடுவாய்?" என்பது ராக் ரசிகர்களின் ஓயாத விளையாட்டு. அதன் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒற்றைத் தட்டையே விரும்பியதாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். விளையாட்டாகப் பேசியவர்களும் ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தவரும் ஒரே முடிவுக்கு வந்திருக்கின்றனர்.

ரசிகரின் காதுக்கு ஆதரவான வழக்கு இதுவரை. இனி அவருக்கு எதிரான வழக்கு.

"பழையவற்றுக்கு ஈடில்லை" என்று சொல்பவர் எந்தப் பழையவற்றைச் சொல்கிறார்? 1967 என்றவுடன் நினைவுக்கு வருவது பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்'. ஆனால் அமெரிக்காவின் பில்போர்டு இதழ் 1967ஆம் ஆண்டுக்கான ஆல்பங்களின் வரிசையில் முதலிடம் தந்தது, தொலைக்காட்சித் தொடருக்காகத் திரட்டப்பட்ட மங்க்கீஸ் குழுவின் இரண்டாவது ஆல்பத்துக்கு. 1969 என்றால் வுட்ஸ்டாக் திருவிழாவின் சேறும் ஹெண்ட்ரிக்ஸின் கிடாரும் கண்முன் எழுகின்றன. அவ்வாண்டு பில்போர்டின் ஆண்டிறுதி வரிசையில் முதலிடம் பெற்ற ஒற்றைப் பாடல், ஆர்ச்சீஸ் என்ற கார்ட்டூன் குழுவின் பெயரில் வந்த 'சுகர், சுகர்'. பிரிட்டனில் 1965, 1966, 1968 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மிகுதியாக விற்ற ஆல்பம் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' திரைப்படத்தின் பாடல் தொகுப்பு. அந்தக் 'கிளாசிக்' காலத்தில் வாழ்ந்த சாதாரண மனிதர் கடையில் எதை வாங்கினார் என்பதற்கான பதில்கள் இவை.

ஐம்பது ஆண்டுகள் கழித்து வருபவர் கையில் கிடைப்பது சலித்து எடுத்த நெல். இன்றைய இசையோ களத்திலிருந்து அப்படியே வருகிறது. நெல்லும் பதரும் சேர்ந்தே வரும். சலித்த நெல்லையும் சலிக்காத நெல்லையும் எதிரெதிரே வைத்து, "அந்தக் காலத்து வயலே வயல்" என்று முடிவு கட்டுவது எந்த ஆய்வு முறையிலும் அடங்காது. மாதிரி எடுப்பதில் நேரும் பிழையைப் பற்றி முதலாண்டிலேயே பாடம் கேட்கும் ஆய்வாளர்கள், மாலையில் இசையைப் பற்றிப் பேசும்போது அதை முற்றிலும் மறந்துவிடுகின்றனர்.

சலித்தவர்கள் யார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. லெட் செப்பலினின் முதல் ஆல்பத்தை 1969இல் ரோலிங் ஸ்டோன் இதழ் இகழ்ந்தது. 1970இல் பிளாக் சபாத்தின் முதல் ஆல்பத்தை அதே இதழில் லெஸ்டர் பேங்ஸ் கிழித்தெறிந்தார். 2003இல் அதே இதழ் '500 தலைசிறந்த ஆல்பங்கள்' பட்டியலை வெளியிட்டபோது லெட் செப்பலினின் அந்த ஆல்பம் முதல் முப்பதுக்குள் நின்றது. பிளாக் சபாத்தின் ஆல்பமும் பட்டியலில் ஏறியது. வீஸர் குழுவின் 'பிங்கர்ட்டன்' 1996இல் வந்தபோது அவ்விதழின் வாசகர்கள் அதை ஆண்டின் மிக மோசமான ஆல்பங்களுள் ஒன்றாகத் தேர்ந்தெடுத்தனர். ஆறே ஆண்டுகளில் அதே இதழின் வாசகர் வாக்கெடுப்பில் அது எக்காலத்துக்குமான சிறந்த ஆல்பங்களின் வரிசையில் இடம் பிடித்தது. விமரிசகர்கள் மட்டுமே பிழைபட்டனர் என்று ரசிகர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது, அவர்களும் பிழைபட்டனர்.

அந்த 500 பட்டியலின் பிற்காலக் கதை இன்னும் பாடம் சொல்லும். 2003இல் முதலிடம் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ்' ஆல்பத்துக்கு. 2020இல் புதிய வாக்காளர்களைக் கொண்டு பட்டியலை மறுபடி தயாரித்தபோது அது 24ஆம் இடத்துக்கு இறங்கியது. மார்வின் கேயின் 'வாட்ஸ் கோயிங் ஆன்' முதலிடத்துக்கு வந்தது. 2003இல் 30ஆம் இடத்தில் இருந்த ஜோனி மிட்செலின் 'ப்ளூ' மூன்றாம் இடத்துக்கு ஏறியது. இந்த மூன்று ஆல்பங்களில் ஒரு சுரமும் இடையில் மாறவில்லை. வாக்களித்த மனிதர்கள் மாறினர். வாக்காளரை மாற்றினால் மாறிவிடும் ஒன்றைப் புவியீர்ப்பு விதிபோல் மேற்கோள் காட்டும் ஆய்வு மாணவர், தம் ஆய்வேட்டில் இப்படி ஒரு சான்றை வைக்கத் துணிவாரா?

இங்கேதான் 'ஓவர்ரேட்டட்' என்ற சொல்லை விளக்கொளியில் வைத்துப் பார்க்க வேண்டும். மொழியியலில் ஒரு கூற்றை எதிர்மறையாக்கிப் பார்ப்பது பழைய சோதனை. எதிர்மறையாக்கிய பிறகும் அழியாமல் நிற்பது எதுவோ, அது அந்தக் கூற்று வாய்விட்டுச் சொல்லாமலே கேட்பவர் தலையில் ஏற்றிவிடும் கருத்து. "டார்க் சைட் ஆஃப் தி மூன் ஓவர்ரேட்டட்" என்கிறார் ஒருவர். "இல்லை, அது ஓவர்ரேட்டட் அன்று" என்று மறுக்கிறார் மற்றவர். இரண்டு கூற்றுகளிலும் மாறாமல் நிற்பது: ஊரார் அந்த ஆல்பத்துக்கு ஒரு விலை வைத்திருக்கிறார்கள் என்பது. சண்டை முழுவதும் அந்த விலையைப் பற்றியது. பிங்க் ஃபிலாய்டு 1973இல் வெளியிட்ட 43 நிமிடங்களில் ஒரு நொடியைப் பற்றிக்கூட இருவரும் பேசவில்லை. ஆல்பத்தைக் கேட்டிராத மூன்றாமவர் ஒருவரும் இவ்வாதத்தில் தாராளமாகக் கலந்துகொள்ளலாம். யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பட்டியலை எதிர்ப்பதாக எண்ணிக்கொண்டு பட்டியலின் மொழியிலேயே பேசும் கலகம் இது. 'அண்டர்ரேட்டட்' என்பதும் இதே நாணயத்தின் மறுபக்கம்.

"காது வலிக்கிறது" என்பதையும் "ஓவர்ரேட்டட்" என்பதையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள். முன்னது எளிய சொல். ஆனால் அதைச் சொல்ல ஆல்பத்தைக் கேட்டிருக்க வேண்டும். பின்னது அறிவார்ந்த தோரணை உடையது. அதைச் சொல்லப் பட்டியலைப் படித்திருந்தால் போதும். வளாகங்களில் எதற்கு மதிப்பு அதிகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இந்தியாவில் இந்தப் பட்டியல் வழிபாட்டுக்கு ஒரு வரலாற்றுக் காரணமும் உண்டு. பொருளாதாரத் தாராளமயத்துக்கு முன் வெளிநாட்டு ராக் ஆல்பங்கள் இங்கு வந்து சேர்ந்தது சிறிய வழிகளில்: சில நிறுவனங்கள் உள்நாட்டில் வெளியிட்ட ஒலிநாடாக்கள், வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்த தட்டுகள், ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரதியெடுத்த கேசட்டுகள். எது வந்ததோ அதுவே பெரியதாயிற்று. டீப் பர்ப்பிள், பிங்க் ஃபிலாய்டு, அயர்ன் மெய்டன் என்று விடுதி அறைகளில் தலைமுறை தலைமுறையாகக் கைமாறிய பெயர்களின் வரிசையில் விநியோகத்தின் பங்கும் இருக்கிறது, ரசனையின் பங்கும் இருக்கிறது. அண்ணன் கேட்டதைத் தம்பி கேட்டான். சீனியர் போட்ட கேசட்டை ஜூனியர் பிரதியெடுத்தான். அன்பின் வழியாக நடந்த கைமாற்றம் அது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்று ஒரு கைப்பேசி வழியாக எல்லா ஆண்டுகளின் எல்லா ஆல்பங்களும் கிடைக்கும்போதும், அந்தக் கேசட் பெட்டியின் எல்லைதான் ராக் இசையின் எல்லை என்று சாதிப்பது வேறு.

அந்தப் பெட்டி வளாகத்தில் வாயிற்காவலாகவும் நிற்கிறது. மாவட்டத் தலைநகரத்திலிருந்தோ கிராமத்திலிருந்தோ, தாய்மொழி வழியில் படித்து, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு வரும் மாணவர், தமக்குப் பிடித்த குழு லிங்கின் பார்க் என்று விடுதி அறையில் சொல்லும்போது எழும் சிரிப்பு அங்குள்ளவர்களுக்குப் பழக்கமானது. சிரிப்பவர்கள் 'ஹைப்ரிட் தியரி' (2000) ஆல்பத்தில் எது பிழை என்று சொல்வதில்லை. இரண்டு குரல்கள், ஒன்று ராப்பிலும் மற்றொன்று மெட்டிலும் கத்தலிலும், ஒரே பாடலுக்குள் எப்படி வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன என்று அந்த மாணவர் கவனித்திருக்கக்கூடும். அதைச் சொல்ல வாய்ப்பே கிடைப்பதில்லை. அடுத்த ஆறு மாதங்களில் அவர் சரியான பெயர்களை மனப்பாடம் செய்துகொள்கிறார். கேட்பதை நிறுத்திவிட்டுப் பேசக் கற்றுக்கொள்கிறார். ஆங்கில உச்சரிப்பில் நிகழ்வதே இங்கும் நிகழ்கிறது. பூர்தியூவைப் பாடம் நடத்தும் வகுப்பறைக்கு இருநூறடி தூரத்தில் இது நடப்பது வேடிக்கை.

பட்டியல் செய்யும் அடுத்த கேடு, இந்திய மொழிகளில் வந்த ஆல்பங்களை ஆல்பம் என்ற கணக்கிலேயே சேர்க்காதது. 1975இல் கொல்கத்தாவில் கௌதம் சட்டோபாத்யாயும் நண்பர்களும் தொடங்கிய குழு மொஹீனேர் கோராகுலி. ஜீவனானந்த தாஸின் கவிதையொன்றிலிருந்து எடுத்த பெயர். 1977இல் அவர்களின் முதல் இசைத்தட்டு வந்தபோது வங்காளம் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1995இல் 'மீண்டும் இருபதாண்டுகளுக்குப் பின்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு தொகுப்பு வெளிவந்தபோது புதிய தலைமுறை அவர்களைக் கண்டெடுத்தது. எந்த உலகப் பட்டியலும் இதைச் செய்யவில்லை. கேட்ட இளைஞர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிச் செய்தனர். டெல்லியின் இந்தியன் ஓஷன் 2000இல் வெளியிட்ட 'கந்தீசா' ஆல்பத்தின் தலைப்புப் பாடல், கேரளச் சுரியானிக் கிறித்தவர்களின் வழிபாட்டுப் பாடலிலிருந்து வந்தது. அதன் மொழி அராமிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த சுரியானி. அவியல் குழு 2008இல் தன் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பம் மலையாளத்தில் முழு ராக் ஆல்பம் எப்படி ஒலிக்கும் என்பதற்கு விடை தந்தது. இவற்றை விரும்புவோர் பலர் உண்டு. ஆனால் 'ஆல்பங்களைப் பற்றிப் பேசுவோம்' என்று அறை கூடும்போது இவை 'ஃபியூஷன்' என்றோ 'பிராந்திய இசை' என்றோ வேறு அலமாரிக்குப் போய்விடுகின்றன. லண்டனில் ஆங்கிலத்தில் பாடினால் ராக். டெல்லியில் சுரியானியில் பாடினால் ஃபியூஷன். அலமாரியைப் பிரித்தவர் யார் என்று கேட்க வேண்டாமா?

"ராக் செத்துவிட்டது" என்ற இரங்கலுரைக்கும் இதுவே பதில். ஆங்கிலம் பேசும் இரண்டு நாடுகளின் விற்பனை வரிசையை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது செத்ததாகத் தோன்றலாம். நைஜர் நாட்டைச் சேர்ந்த எம்டூ மொக்தார், மிதிவண்டிக் கம்பிகளைத் தந்திகளாகக் கட்டித் தாமே செய்த கிடாரில் கற்றவர். தமாஷெக் மொழியில் பாடி அவர் 2021இல் வெளியிட்ட 'அஃப்ரிக் விக்டிம்' ஆல்பத்தைக் கேட்டபின் மின்கிடாரின் காலம் முடிந்துவிட்டது என்று எவரும் சொல்லத் துணியமாட்டார். டப்ளினில் உருவான ஃபோன்டெய்ன்ஸ் டி.சி. குழுவின் 'ஸ்கிண்டி ஃபியா' (2022) ஐரிஷ் மொழித் தலைப்புள்ள பாடலோடு தொடங்குகிறது. இங்கிலாந்தின் கோவென்ட்ரி நகரில் ஓர் ஐரிஷ் குடும்பம், தாயின் கல்லறையில் தம் மொழியில் சில சொற்களைப் பொறிக்க விரும்பியது. மொழிபெயர்ப்பு இல்லாமல் பொறித்தால் அரசியல் முழக்கமாகக் கருதப்படலாம் என்று திருச்சபை நீதிமன்றம் 2020இல் மறுத்தது. 2021இல் மேல்முறையீட்டில் அனுமதி கிடைத்தது. அந்த வழக்கிலிருந்து பிறந்த பாடல் அது. மொழியுரிமையைப் பற்றி ஓயாது கருத்தரங்கு நடத்தும் இந்தியத் துறைகளில், இந்த ஆல்பத்தைக் கேட்ட மாணவருக்குச் சொல்வதற்கு ஏதேனும் இருக்கும். "எழுபதுகளுக்குப் பிறகு ஒன்றுமில்லை" என்பவருக்கு அது கேட்காது.

பழையது, புதியது என்ற கோடே பல இடங்களில் அழிந்துபோகிறது. டேவிட் போவி தம் 69ஆம் பிறந்தநாளான 2016 ஜனவரி 8 அன்று 'பிளாக்ஸ்டார்' ஆல்பத்தை வெளியிட்டு இரண்டு நாளில் மறைந்தார். ஜாஸ் கலைஞர்களைத் துணைக்கொண்டு செய்த அந்த ஆல்பத்தை எந்தப் பக்கத்தில் வைப்பது? எழுபதுகளின் நாயகர் செய்தது என்பதால் பழையதா? எழுபதுகளில் அவரே செய்திராத ஒன்று என்பதால் புதியதா?

எதிர்வாதம் ஒன்றுக்கு இடம் தந்தாக வேண்டும். பட்டியலே இல்லாவிட்டால் புதிதாக வருபவர் எங்கிருந்து தொடங்குவார்? நியாயமான கேள்வி. ஊருக்குப் புதியவருக்கு வரைபடம் வேண்டும். அந்த அளவில் பட்டியல் பயனுள்ளதே. பலர் வெல்வெட் அண்டர்கிரவுண்டின் முதல் ஆல்பத்தை (1967) அடைந்தது அப்படித்தான். வெளிவந்தபோது சொற்பமாக விற்ற ஆல்பம் அது. ஆனால் வரைபடத்தை நோக்கி விரல் நீட்டி, "நீ நடந்த தெரு இதில் இல்லை, ஆகவே நீ நடக்கவில்லை" என்று சொல்பவரிடம் வழி கேட்க வேண்டியதில்லை.

எல்லாக் கருத்தும் சமம் என்று இதற்குப் பொருள் கொள்வதும் தவறு. சமம் இல்லை. தர வேறுபாட்டுக்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு: அந்தக் கருத்தைக் கேட்ட இன்னொருவர், ஆல்பத்துக்குத் திரும்பிப் போய் அதைச் சோதிக்க முடிகிறதா? "பேஸ் கேட்கவில்லை" என்பதைச் சோதிக்கலாம். "இரண்டாம் பக்கத்தில் மூன்று பாடல்கள் ஒரே வேகத்தில் செல்கின்றன" என்பதைச் சோதிக்கலாம். "பாடகர் உயிரெழுத்துகளை அமெரிக்கர்போல் விரிக்கிறார்; பேட்டியில் அப்படிப் பேசுவதில்லை" என்பதையும் சோதிக்கலாம். பிரிட்டிஷ் பாப் பாடகர்கள் பாடும்போது அமெரிக்க உச்சரிப்புக்கு மாறுவதைப் பற்றி பீட்டர் டிரட்கில் போன்ற சமூகமொழியியலாளர்கள் எழுதியதன் தொடக்கம் இத்தகைய கவனிப்புதான். அதை எந்த ரசிகரும் டீக்கடையில் செய்திருக்கலாம். "காலத்தை வென்றது", "ஓவர்ரேட்டட்", "இப்போதெல்லாம் ஆன்மா இல்லை" என்பவற்றைச் சோதிக்க வழியே இல்லை. பதின்பருவத்திலும் இருபதுகளிலும் பதிந்த நினைவுகள் வாழ்நாள் முழுதும் மற்றவற்றைவிடத் துலக்கமாக நிற்கும் என்பது உளவியலில் பலமுறை காட்டப்பட்டது. ஆன்மா இல்லை என்பவர் பெரும்பாலும் தம் பத்தொன்பதாம் வயதைத் தேடுகிறார். அதை எந்தக் குழுவும் ஒலிப்பதிவு செய்து தர முடியாது.

ஆகவே துறைகள் செய்யத்தக்கது ஒன்று உண்டு. இசையைப் பற்றிய கருத்தரங்கில் கோட்பாட்டு நூலின் பெயர் வருவதற்கு முன் ஆல்பம் ஒருமுறை ஒலிக்கட்டும். மாணவர் செய்யத்தக்கது அதைவிட எளியது. எந்த ஆல்பம், எந்தப் பாடல், எந்த நிமிடம், என்ன கேட்டது என்று சொல்லட்டும். எத்தனையாவது இடம் என்பதை விட்டுவிடட்டும். விடுதி அறையின் மூலையில் உட்கார்ந்திருக்கும் முதலாமாண்டு மாணவர் தயங்கித் தயங்கி, "இந்தப் பாட்டில் டிரம் ஏனோ தகரம் தட்டுவதுபோல் இருக்கிறதே" என்றால், அவர் எந்த ஊர், எந்தப் பள்ளி, இதற்கு முன் என்னென்ன கேட்டிருக்கிறார் என்ற விசாரணை வேண்டாம். பாட்டை மறுபடி போட்டு, டிரம்மைக் கேட்டுப் பதில் சொல்லுங்கள்.